மாங்கா அண்ணையும் இருபத்தெட்டாவது வால்யூமும்

ஆஸ்திரேலியாக் கண்டத்தில் இன்றைக்கு உயிரோடு இருக்கிற மனிதர்களில், ஒரு கதையின் முடிவு தெரியாமல் இருப்பதற்காக அதிகம் பாடுபட்டவர் எங்கள் மாங்கா அண்ணைதான். முடிவைத் தெரிந்துகொள்ள அலைகிறவர்களை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கிற ஒருவரைக் கல்யாணமே செய்திருக்கிறேன். ஆனால் முடிவு தெரிந்துவிடக்கூடாதே என்பதற்காக ஓடுகிற ரயிலை விட்டு இறங்கினவர், முடிவெட்டும் கடையை மாற்றினவர், ஒரே வீட்டில் இருந்துகொண்டு சிநேகிதனோடு ஒன்றரை வருஷம் பேசாமல் இருந்தவர் இவர் ஒருவர்தான்.

மதுரையிலிருந்து வந்த புதிதில் வெரிபீ என்கிற புறநகரில் ஒரு வீட்டில் அறை இருக்கிறதென்று கேள்விப்பட்டுப் போன் செய்தேன். எடுத்தவர் குலம், யாழ்ப்பாணத்துக்காரர். அறை, தண்ணீர், ரயில் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "ஒரு விசயம் தம்பி. வீட்டிலை மாங்கா அண்ணையும் இருக்கிறார். அவரின்ரை சாமானுகளை மட்டும் தொடப்படாது" என்றார். எங்கள் ஊரில் ஒருவனை மாங்கா என்று கூப்பிட்டால் அடுத்த நிமிஷம் சட்டையைப் பிடிப்பான். இங்கே ஐம்பதை நெருங்கும் மனிதரை முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிடுகிறார்கள், அவரும் "ஓம், சொல்லும்" என்கிறார். ஒரு வாரம் எனக்குச் சங்கடமாகவே இருந்தது.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. ஜப்பான்காரர்கள் சித்திரக்கதையை மங்கா என்கிறார்களாம். அண்ணையின் அறையில் இருந்ததெல்லாம் அதுதான், அதுவும் ஒரே ஒரு கதை. மங்கா அண்ணை என்று ஆரம்பித்த பெயர், தமிழன் நாக்கில் நாலு நாள் கிடந்ததும் காய் காய்த்துவிட்டது. முதலில் திருத்திப் பார்த்தாராம். பக்கத்துத் தெரு அன்ரி ஒருவர், பாவம் ஆசைப்படுகிறாரே என்று ஒரு பை நிறையப் பச்சை மாங்காய் கொண்டுவந்து கொடுத்த நாளோடு திருத்துவதை விட்டுவிட்டார்.

அண்ணைக்கு வேலை, ஒரு மரச்சாமான் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது. கல்யாணம் காட்சி கிடையாது. இருந்ததெல்லாம் அந்தக் கதை. அதன் ஜப்பானியப் பெயரை அவர் சொல்லும்போது வாயில் சூடான கிழங்கு இருப்பது போலத் தோன்றும், எங்களுக்கு அது வராது. நாங்கள் 'குடைக்காரன்' என்போம். பழைய காலத்து ஜப்பானில் குடை பழுது பார்க்கிற ஒருவன். ஒரு மழை நாளில், பெயர் தெரியாத ஒரு பெண் தன் குடையை அவனுக்கு இரவலாகக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போய்விடுகிறாள். அதை அவளிடம் திருப்பிக் கொடுக்க ஊர் ஊராக நடக்கிறான். அவ்வளவுதான் கதை.

"ஒரு குடைய திருப்பிக் குடுக்க இருபத்தெட்டு வால்யூமாண்ணே?" என்று முதல் வாரமே கேட்டுவிட்டேன்.

"உமக்கு ஆராவது இரவல் வாங்கின குடையைத் திருப்பித் தந்திருக்கினமோ?"

யோசித்துப் பார்த்தேன். இல்லைதான்.

"அப்ப பேசாமல் இரும். அது லேசுப்பட்ட விசயமில்லை."

அன்று சாப்பாட்டு மேசையில் மாட்டிக்கொண்டேன். கதை முதலில் ஒரு வாரப் பத்திரிகையில் வந்ததாம். டெலிபோன் டைரக்டரி தடிமனில், படித்துவிட்டு ரயிலிலேயே போட்டுவிட்டுப் போகிற மலிவுக் காகிதத்தில். பாதியில் பத்திரிகை மூடிவிட்டது. இன்னொரு பத்திரிகை எடுத்துக்கொண்டது. அங்கே வரைந்தவருக்குக் கை விழுந்துவிட்டது. ஒரு வருஷம் கதை நின்றபோது வாசகர்கள் ஆளுக்கொரு குடையைப் பத்திரிகை ஆபீசுக்குப் பார்சல் அனுப்பி, உள்ளே நடக்க வழியில்லாமல் செய்துவிட்டார்களாம். மனுஷன் எழுந்து உட்கார்ந்து மறுபடி வரைந்தார். பிறகு அது புத்தகமாகி, கெட்டி அட்டைப் பதிப்பாகி, பெரிய சைஸ் பதிப்பாகி, ஒவ்வொன்றிலும் அவர் எந்தெந்த மேகத்தைத் திருத்தி வரைந்தார் என்பது வரைக்கும் அண்ணை சொன்னார். என் சோறு காய்ந்து, குழம்பு ஆடை கட்டியது.

ஜப்பானியப் புத்தகம் வலமிருந்து இடமாகப் போகும். நமக்குக் கடைசி அட்டைதான் அவர்களுக்கு முதல் அட்டை. முதல் ஆங்கிலப் பதிப்புக்காரர்கள், வெள்ளைக்காரனுக்கு இது சரிப்படாது என்று ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணாடியில் காட்டிய மாதிரி திருப்பிப் போட்டு அச்சடித்துவிட்டார்கள். அதில் எல்லாரும் இடதுகைக்காரர்களாகிவிட்டார்கள். அண்ணை வாங்கினது அந்தப் பதிப்பை. குடைக்காரன் இடது கையில் குடை பிடிப்பதைப் பார்த்து, மரியாதைக்காகத் தானும் இடது கையில் பிடித்துப் பழகினார். ஒரே நாளில் வெயிலும் மழையும் ஆலங்கட்டியும் பார்க்கிற ஊர் இது. வருஷக்கணக்காக இடது கையில் பிடித்துத் தோளில் வலி வந்து மருத்துவரிடம் போன பிறகுதான், அவன் உண்மையில் வலது கைக்காரன் என்பது எங்கேயோ படித்து அவருக்குத் தெரிந்தது.

"மாத்திட்டீங்களாண்ணே?"

"எப்பிடி மாத்துறது. பழகிப்போச்சு."

இருபத்திரண்டாவது வால்யூமோடு அந்த ஆங்கிலப் பதிப்பகமும் படுத்துவிட்டது. மிச்சம் ஆறு. வேறொரு கம்பெனி உரிமை வாங்கி, முதலிலிருந்து, இந்த முறை ஜப்பானிய முறையிலேயே வலமிருந்து இடமாக, ஆடி அசைந்து போட ஆரம்பித்தது. அண்ணைக்கு வேண்டியது இருபத்துமூன்றிலிருந்து. அவர்கள் ஒன்றிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். இப்படித்தான் ஒரு மனிதர், உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு முடிவு தெரியாமல் பதினான்கு வருஷம் காத்திருக்கும்படி ஆயிற்று.

காத்திருப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். கஷ்டம் சினிமாக்காரர்களால் வந்தது. குடைக்காரனைக் கறுப்பு வெள்ளை டிவி தொடராக எடுத்தார்கள். வரைகிறவரைவிடத் தொடர் வேகமாகப் போய்விட்டதால், கதை இல்லாமல் போய், புயலில் குடை கடலில் விழுந்துவிட்டது என்று முடித்துக் கையைக் கழுவினார்கள். பிறகு கலரில் ஒரு கார்ட்டூன். அது பாதியில் நின்று, மீதியைப் புத்தகத்தில் படியுங்கள் என்றது. பிறகு ஒரு சினிமா. பெரிய நடிகர் நடித்ததால் அவர் சும்மா குடையோடு நடக்க முடியாது அல்லவா, குடையாலேயே நாற்பது பேரை அடித்தார். அந்தப் பெண் அவர் மடியில் உயிரை விட்டாள். இப்போது இன்டர்நெட்டில் ஒரு புதுத் தொடர். அதில் அவளும் ஒரு குடையோடு அவனைத் தேடிப் புறப்பட்டுவிட்டாள். இருவரும் எதிரும் புதிருமாக நடந்துகொண்டே இருக்கிறார்கள்.

அண்ணை எல்லாவற்றையும் பார்ப்பார், முக்கால்வாசி. அதற்குமேல் ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, பின்வளவில் துணி காயப்போடுகிற கம்பியடியில் போய் நிற்பார். நானும் குலமும் மிச்சத்தைப் பார்த்துவிட்டு டிவியை அணைத்து, "வாங்கண்ணே" என்று குரல் கொடுக்க வேண்டும். வந்ததும் எங்கள் மூஞ்சியைப் பார்க்க மாட்டார். "உந்த மூஞ்சியளிலை முடிவு எழுதிக் கிடக்கு" என்று சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுவார்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒருநாள் கேட்டேன். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. யார் வீட்டிலாவது ஜெனரேட்டர் போட்டுப் படம் காட்டுவார்களாம், மண்ணெண்ணெயில் ஓடுகிற ஜெனரேட்டர். எண்ணெய் எப்போதும் முக்கால்வாசிப் படத்தில் தீர்ந்துவிடும். "நான் பத்தொன்பது வயது வரைக்கும் ஒரு படத்தின்ரை முடிவும் பாத்ததில்லை. வீட்டை போகேக்கை நாங்களே முடிவு செய்வம். ஆளுக்கொரு முடிவு. அடிபாடும் வரும்" என்றார். "உண்மையான முடிவு ஒண்டையாவது நான் ஒழுங்கா, முதல்லை இருந்து நடந்து போய்ப் பாக்கோணும் எண்டு ஆசை. அதுக்கு இந்தக் கதைதான்." அதற்குப் பிறகு நான் அவரைக் கிண்டல் செய்வதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். முழுதாக நிறுத்த முடியவில்லை.

குலத்தின் வாய்தான் அவருக்கு எதிரி. யாரோ வீட்டுப் பிறந்தநாளில் கொத்துரொட்டித் தட்டோடு நின்றபோது, "எண்டாலும் அந்தப் படத்திலை அவளைச் சாகக் குடுத்திருக்கத் தேவையில்லை" என்று சொல்லிவிட்டார். அண்ணை தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். அது சினிமாவின் முடிவு, புத்தகத்தின் முடிவு வேறாக இருக்கும் என்று நான் பின்னாலேயே ஓடிச் சொன்னேன். "படத்துக்கு ஓமெண்டு சொன்னவர் ஆர்? வரைஞ்சவர்தானே. அப்ப பாதி உண்மை" என்றார். அன்றிலிருந்து குலத்தோடு கோவம். யாழ்ப்பாணத்தில் கோவம் என்றால் கத்துவதல்ல, பேச்சை நிறுத்துவது. ஒரே குசினியில் இருவரும் நிற்பார்கள். அண்ணை என்னைப் பார்த்து, "அவருக்குச் சொல்லும், அடுப்பிலை பால் பொங்குது" என்பார். நான் சொல்வதற்குள் பால் வழிந்துவிடும். இது ஒன்றரை வருஷம் நடந்தது.

ரயில் சங்கதியும் அந்தக் காலத்தில்தான். காலையில் வெரிபீ ரயிலில் எதிர் இருக்கையில் இரண்டு யூனிவர்சிட்டிப் பெண்கள் புதுத் தொடரின் கடைசி எபிசோடைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அண்ணை இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு, சத்தமாக ஒரு தேவாரத்தை எடுத்துவிட்டார். பெட்டியே திரும்பிப் பார்த்தது. அப்படியும் "அம்ப்ரெல்லா" என்ற சொல் உள்ளே நுழைந்துவிட்டதாம். அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டார். வேலைக்கு ஒரு மணி நேரம் பிந்திப் போய், சூப்பர்வைசரிடம் உண்மையைச் சொன்னார். அந்த வெள்ளைக்காரர் பொய் சொன்னவர்களை நிறையப் பார்த்தவர். இதை யாரும் பொய்யாகச் சொல்ல முடியாது என்று விட்டுவிட்டார்.

தமிழ்ச் சங்கத்தில் பேசக் கூப்பிட்டது இன்னொரு கூத்து. தலைப்பு 'ஜப்பானிய மங்கா: அச்சிலும் திரையிலும்'. வாட்ஸப் அறிவிப்பைத் தட்டச்சு செய்தவர் நல்ல மனதோடு எழுத்துப் பிழையைத் திருத்தி 'ஜப்பானிய மாங்காய்' என்று போட்டுவிட்டார். சங்கத்தின் சரித்திரத்தில் அத்தனை கூட்டம் வந்ததில்லை. முன் வரிசை முழுக்க அன்ரிமார், கையில் கொப்பியும் பேனையும். அண்ணை ஒரு மணி நேரம் எந்த வால்யூமில் எந்த மேகம் திருத்தப்பட்டது என்று பேசினார். ஒருவரும் எழுந்து போகவில்லை, வடை கடைசியில்தான் தருவார்கள். கேள்வி நேரத்தில் ஒரு அன்ரி எழுந்து, "எல்லாம் சரி தம்பி, உப்பு எவ்வளவு போடுறது?" என்றார்.

இதற்கிடையில் எனக்குக் கல்யாணமாகி, நானும் கவிதாவும் டார்னெய்ட்டில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டோம். புதுப் பதிப்பு இருபத்துமூன்றைத் தொட்டது, ஒவ்வொன்றாக இருபத்தேழு வரை வந்தது. கடைசியாக இருபத்தெட்டு வருகிறதென்று சிட்டியில் இருக்கிற காமிக்ஸ் கடையிலிருந்து அண்ணைக்குச் செய்தி வந்தது. அவருக்குப் பகல் ஷிப்ட். என்னைக் கூப்பிட்டார்.

"நீர் சிட்டியிலைதானே வேலை. எடுத்துக்கொண்டு வாரும். ஆனால் உள்ளுக்குப் பாக்கக் கூடாது. சத்தியம் பண்ணும்."

"சத்தியமாண்ணே. பாக்க மாட்டேன்."

அந்த வாரம் அவருக்குப் பிறந்தநாள். எனக்கு ஒரு யோசனை வந்தது. எப்போதெல்லாம் எனக்கு யோசனை வருகிறதோ அப்போதெல்லாம் யாருக்காவது நஷ்டம் என்பது கவிதாவின் கருத்து. நம்மில் புத்தகம் பரிசு கொடுத்தால் முதல் பக்கத்தில் நாலு வரி எழுதிக் கொடுப்பதுதானே முறை. ஆபீசில் மேசைமேல் புத்தகத்தை வைத்து, தடித்த கறுப்பு மார்க்கரை எடுத்தேன். சத்தியம் செய்திருக்கிறோமே என்று தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, ஓரக்கண்ணால் அட்டையைத் திறந்தேன். முதலில் ஏதோ பெரிய எழுத்தில் ஒரு பக்கம் இருந்தது. விளம்பரம் போலிருக்கிறது என்று தள்ளினேன். அடுத்த பக்கத்தில் நடுவில் நல்ல வெள்ளை இடம் இருப்பது மட்டும் மங்கலாகத் தெரிந்தது. எழுதினேன். 'அன்பின் அண்ணனுக்கு, இந்த இனிய பிறந்தநாளில் எல்லாம் வல்ல இறைவன் தங்களுக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த ஆரோக்கியமும் வற்றாத செல்வமும் அருளப் பிரார்த்திக்கும், என்றும் அன்புடன், பாஸ்கரன், டார்னெய்ட்.' பெயருக்குக் கீழே இரண்டு கோடும் இழுத்தேன்.

அண்ணை அந்தப் புத்தகத்துக்காக லீவு போட்டார். குலம்தான் போனில் வர்ணித்தார். முகம் மழித்து, தலைக்குக் குளித்து, கல்யாணத்துக்குப் போடுகிற சேர்ட்டைப் போட்டுக்கொண்டு அறைக் கதவைச் சாத்தினாராம். ஒரு நாளில் முடிக்கிற புத்தகத்தை இரண்டு நாள் படித்தாராம். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் எனக்குப் போன்.

"பாஸ்கரன், உடனை ஒருக்கா வாரும்."

குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. போய் இறங்கினால் குலம் வாசலிலேயே தேத்தண்ணியோடு நிற்கிறார். "என்ன செய்தனீர்? ஆள் கதவைத் திறந்து உம்மடை பேரை மட்டும் சொன்னார். எனக்கு ஒண்டரை வருசம். உமக்கு எத்தினையோ தெரியாது" என்றார். என்ன தப்பு செய்தேன் என்று எனக்கு அப்போதும் தெரியாது.

அண்ணை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கதிரையைக் காட்டினார். உட்கார்ந்தேன். புத்தகத்தை எடுத்து, வலது பக்கமிருந்து, ஒவ்வொரு தாளாக, கடைசிப் பக்கம் வரைக்கும் திருப்பினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது வலமிருந்து இடம் போகிற புத்தகம். நான் முதல் பக்கம் என்று நினைத்துத் திறந்தது கடைசிப் பக்கம். நான் விளம்பரம் என்று தள்ளினது, 'நில், நீ தப்பான பக்கம் திறந்திருக்கிறாய்' என்ற எச்சரிக்கை.

பக்கத்தின் மேலே மழை. கீழே, குடையை நீட்டுகிற ஒரு வலது கை. நடுவில் ஒரு வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. கதவுக்குள்ளே யார் நிற்கிறார்கள், அவளா, வேறு யாருமா, ஒருவருமே இல்லையா என்பது எல்லாம் வல்ல இறைவனுக்குத்தான் தெரியும். அந்த இடம் முழுக்க என் வாழ்த்து.

"வாசியும்" என்றார்.

"அண்ணே..."

"சத்தமா வாசியும். நான் இருபத்தெட்டு வால்யூம் நடந்து வந்தது இதை வாசிக்கத்தானே."

வாசித்தேன். என் பெயர், டார்னெய்ட் வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. வாழ்க்கையில் என் தமிழ் எனக்கே அத்தனை கேவலமாக ஒலித்ததில்லை. இவர் இனி என்னோடு பேசமாட்டார், இந்த ஊரில் எனக்கிருந்த ஒரே அண்ணனை ஒரு மார்க்கரால் அழித்துவிட்டேன் என்று தோன்றியது. அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

"நீர் இந்தப் பக்கத்தைப் பாத்தனீரோ?"

"இல்லண்ணே. சத்தியமா பாக்கல."

"பாக்காமல் எப்பிடி எழுதினனீர்?"

"ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டு எழுதினேன். நீங்க பாக்கக் கூடாதுன்னீங்க."

அண்ணை என்னையே பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் குலம் உள்ளே ஓடிவந்தார். சிரிப்பு. கட்டிலில் சாய்ந்து, கண்ணில் நீர் வர, கல்யாணச் சேர்ட்டின் மேல் பட்டன் தெறிக்கச் சிரித்தார். "பாக்காமல் எழுதினவனாம், குலம். பாக்காமலே இவ்வளவு நேரா எழுதியிருக்கிறான்" என்று குலத்தின் கையைப் பிடித்துச் சொன்னார்.

அடுத்த நாளே கடைக்குப் போனேன். தீர்ந்துவிட்டது, மறு அச்சு வர மாதங்களாகும் என்றார்கள். காத்திருந்து வாங்கி, பேனாவையே பக்கத்தில் விடாமல், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வையும் அதிலை" என்று அலமாரியைக் காட்டினார். வைத்தேன். ஒரு வருஷமாகிறது. உறை இன்னும் பிரியவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் நான் எழுதிக் கெடுத்த பிரதியைத்தான் எடுத்துக் காட்டுகிறார்.

போன மாதம் கவிதாவும் நானும் சாப்பிடப் போயிருந்தோம். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவளுக்குப் பொறுக்குமா? "என்னண்ணே இது, புதுசு ஒண்ணு சும்மாதானே கெடக்கு. பிரிச்சுப் பாத்தா என்ன? கடைசில அந்த ஆளு குடைய குடுத்தாரா இல்லையா?" என்று கேட்டுவிட்டாள். நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

அண்ணை எழுந்து போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, குடை நீட்டுகிற கைக்கு நேரே, கதவுக்குள் இருந்த என் பெயரில் விரலை வைத்தார்.

"குடுத்தாச்சு, பிள்ளை. இஞ்சை பாரும், வாங்கின ஆள் கையெழுத்தும் வைச்சிருக்கிறார்."

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ ஃபாரங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எதில் என்ன எழுதியிருந்தது என்றுகூட ஞாபகமில்லை. பார்க்காமல் போட்ட அந்த ஒரு கையெழுத்து மட்டும் எதற்கென்று எனக்குத் தெரியும்: அண்ணை இருபத்தெட்டு வால்யூம் நடந்து கொண்டுவந்த குடையை வாங்கிக்கொண்டதற்கு.